கல்லிலிருந்து சட்டி வரை: சென்னைக் கரையில் சிப்பி, மட்டி, ஆளி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்தது திருவொற்றியூர், வாழ்க்கைப்பட்டது கோவளம் பக்கம். இரண்டு ஊரிலும் சிப்பி எடுப்பவர்களோடு பழகியிருக்கிறேன். "பாறையில் கொத்துக்கொத்தாக ஒட்டியிருக்கிறதே, எடுத்துச் சமைக்கலாமா?" என்று நகரத்திலிருந்து வருகிற உறவினர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பழைய அலுவலகத் தோழிகள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் வாயால் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சென்னையில் எங்கே இருக்கிறது பாறைக் கரை? எல்லாமே மணல்தானே?

பெரும்பாலும் மணல்தான். இயற்கையான பாறை பார்க்க வேண்டுமானால் கோவளத்துக்கோ மாமல்லபுரத்துக்கோ போக வேண்டும். நகரத்துக்குள் நீங்கள் பார்க்கும் கருங்கல் எல்லாம் மனிதன் கொட்டியது.

அதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும், மணல் அதன் தெற்குப் பக்கம் தேங்கியது. மெரினா இவ்வளவு அகலமானது அப்படித்தான். வடக்கே போக வேண்டிய மணல் போகாததால் ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கடல் அரித்தது. தெருக்களே போயின. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவு கட்டினார்கள். அந்தக் கல்லில்தான் இன்று சிப்பி வளர்கிறது.

எந்தக் கல்லாக இருந்தாலும் அடுக்கு ஒன்றுதான். அலை தெறிக்க மட்டும் செய்யும் உச்சியில் மிளகளவு நத்தைகள். அதற்குக் கீழே கால் வைத்தால் கிழிக்கும் கொட்டலசு (ஆங்கிலத்தில் பார்னக்கிள்). அதற்கும் கீழே கல்லோடு கல்லாக ஒட்டிய ஆளி (ஆங்கிலத்தில் ஆய்ஸ்டர்). வத்தம், அதாவது கடல் உள்வாங்குவது, நன்றாக இறங்கும்போது மட்டும் தலைகாட்டும் கடைசி அடுக்கில் பச்சைச் சிப்பி.

எவையெல்லாம் சாப்பிடக்கூடியவை?

மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

பச்சைச் சிப்பி. மலையாளிகள் கல்லுமேக்காய் என்பார்களே, அதுதான். ஓட்டின் ஓரம் பளிச்சென்ற பச்சை. நார் விட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும். இந்த நாரின் பிடி சாதாரணமானதல்ல. கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குக் கடல்நீர் எடுக்கும் சுரங்கத்திலேயே மண்டி வளர்ந்து, அதைக் கட்டுப்படுத்தக் குளோரின் கலக்க வேண்டியிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆளி. ஒரு பக்க ஓடு கல்லிலேயே பதிந்திருக்கும். ஓரம் சவர பிளேடு மாதிரி. முட்டுக்காடு, பழவேற்காடு, எண்ணூர் உப்பங்கழிகளில் வளரும் பெரிய ஆளிக்கு அறிவியலில் வழங்கிவந்த பெயர் க்ராசோஸ்ட்ரியா மதராசென்சிஸ். நம் ஊர்ப் பெயரையே சுமந்த உயிர் அது. இந்த ஊரில் பிறந்த எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பழவேற்காட்டில் ஆளி வளர்க்க முடியுமா என்று ஜேம்ஸ் ஹார்னெல் என்ற மீன்வளத்துறை அதிகாரி 1910 வாக்கிலேயே முயன்று பார்த்திருக்கிறார்.

மட்டி. ஆங்கிலத்தில் கிளாம். இது பாறையில் கிடையாது, கழியின் மணலும் சேறும் கலந்த தரையில் புதைந்திருக்கும். பாறையைத் தேடி வந்தவர்கள் கடைசியில் மட்டியோடுதான் வீடு திரும்புவார்கள் என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

திருவொற்றியூர், காசிமேடு, எண்ணூர் கற்களில் நிறைய இருக்கிறதே, அங்கே எடுக்கலாமா?

வேண்டாம். பிறந்த ஊரைப் பற்றி இப்படிச் சொல்ல எனக்கு மனசு வலிக்கிறது. ஆனாலும் வேண்டாம்.

சிப்பியும் ஆளியும் மட்டியும் வாயைத் திறந்து இரையைத் தேடிப் போகிறவை அல்ல. தண்ணீரை உள்ளே இழுத்து, அதில் இருக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்று, மிச்சத்தை வெளியே விடும். நன்கு வளர்ந்த ஒரு சிப்பி மணிக்குப் பல லிட்டர் தண்ணீரை இப்படி வடிக்கும். தண்ணீரில் சாக்கடை இருந்தால் அதன் கிருமியும், எண்ணெய் இருந்தால் எண்ணெயும், ஈயமும் காட்மியமும் இருந்தால் அவையும் சதையில் சேரும். எண்ணூர்க் கழியில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த கதை ஊரறிந்தது. 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதி, கரி மாதிரி எண்ணெய் கரை ஒதுங்கியதை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் கழியெங்கும் படிந்தது. கூவமும் அடையாறும் கடலில் சேரும் இடங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முகத்துவாரத்துக்குப் பக்கம், துறைமுகத்துக்குப் பக்கம், வடிகால் வாய்க்கு அருகில் எடுக்காதீர்கள். பட்டினப்பாக்கம், பெசன்ட் நகர் உடைந்த பாலம் போன்ற இடங்களும் இந்தக் கணக்கில்தான் வரும்.

கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடி கிடைத்திருக்கிறதே, அங்கே தைரியமாக எடுக்கலாம்தானே?

நீலக்கொடி 2021-இல் கிடைத்தது, சந்தோஷம். அது குளிக்கும் தண்ணீருக்கும் கடற்கரை வசதிக்கும் தரும் சான்று. குளிக்கத் தகுந்த தண்ணீரில் வளர்ந்த சிப்பி தின்னத் தகுந்தது என்று அதற்குப் பொருள் இல்லை. கோவளம் பாறையில் நான் எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அங்கே தினமும் எடுக்கிறவர்களிடம் கேட்ட பிறகுதான் எடுத்தேன்.

நன்றாகக் கொதிக்க வைத்தால் எல்லாம் செத்துவிடுமே?

எல்லாரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கிருமி சாகும். விப்ரியோ போன்ற பாக்டீரியா, மஞ்சள் காமாலை ஏ வைரஸ் இவையெல்லாம் நன்றாக வெந்தால் அழியும். அரைகுறையாக வெந்தால் அழியாது. ஓடு வாய் பிளந்த உடனே இறக்கிவிடுவது போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஈயமும் காட்மியமும் கொதியில் எங்கும் போகாது. எண்ணெய் நாற்றமும் போகாது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதுதான் கொடியது. கடலில் சில நுண்பாசிகள் திடீரென்று பெருகும். அவற்றில் சில வகை, சாக்சிடாக்சின் என்ற நரம்பு நஞ்சை உண்டாக்கும். அதைத் தின்ற சிப்பிக்கும் மட்டிக்கும் ஒன்றும் ஆகாது. உயிரோடு, கொழுகொழுவென்று, நல்ல வாசனையோடு இருக்கும். தின்ற மனிதனுக்கு அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரக்கும், விரல் நுனி சுருசுருக்கும், கைகால் தளரும். அளவு கூடினால் மூச்சுத் தசை நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடம்பைவிட்டு இறங்கும் வரை மருத்துவமனையில் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றுவதுதான் ஒரே வழி. கொதித்தாலும் வறுத்தாலும் புளி ஊற்றினாலும் இந்த நஞ்சு முறியாது.

எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நினைக்காதீர்கள். 1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில், பாலாறு கடலில் சேரும் அந்தப் பக்கத்தில், மட்டி சாப்பிட்ட மூன்று பேர் இறந்துபோனார்கள். 80-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அவர்கள் கடலைத் தெரியாதவர்கள் இல்லை, காலங்காலமாக அதே கழியில் அதே மட்டியை எடுத்துச் சமைத்தவர்கள். அப்புறம் 1997-இல் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று ஏழு பேர் போனார்கள், நூற்றுக்கணக்கானோர் படுக்கையில் விழுந்தார்கள்.

இப்படி நடப்பது அபூர்வம்தான். ஆனால் கண்ணால் பார்த்தோ, முகர்ந்தோ, வெள்ளிக்காசைச் சட்டியில் போட்டோ கண்டுபிடிக்க வழியில்லை. அந்தக் காசு வைத்தியத்தை என் பாட்டியும் நம்பினாள். அதில் உண்மை இல்லை. ஆய்வகத்தில்தான் தெரியும். அதனால் எத்தனை கவனமாக எடுத்தாலும் வீட்டுக்கு எடுப்பவருக்குக் கொஞ்சம் ஆபத்து மிச்சம் இருக்கத்தான் செய்யும். அந்த மிச்சத்தைக் குழந்தைகளின் தட்டில் வைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பிட்ட பிறகு உதடு மரத்தால், விடியட்டும் பார்க்கலாம் என்று படுக்க வேண்டாம். உடனே 108. என்ன சாப்பிட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.

கடல் இரவில் நீலமாக ஒளிர்ந்தால் என்ன செய்வது?

2019 ஆகஸ்டில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் அலை நீலமாக மின்னியதே, அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அது மேலே சொன்ன நஞ்சைத் தருவதல்ல. ஆனாலும் கடலில் ஏதோ பெருகியிருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பகலில் தண்ணீர் செம்மண் கலந்ததுபோலவோ பச்சைச் சாயம்போலவோ இருந்தாலும், கரையில் மீன் செத்து ஒதுங்கினாலும் அன்று கூடை எடுக்க வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்கும் வேண்டாம்.

எந்த மாதத்தில் எடுக்கலாம்? ஆங்கில மாதப் பெயரில் 'ஆர்' இருந்தால் எடுக்கலாம் என்கிறார்களே?

அது குளிர் தேசத்துக் கணக்கு. அங்கே மே முதல் ஆகஸ்ட் வரை கோடை, அந்த மாதங்களில் எடுக்காதே என்று சொல்ல அப்படி ஒரு சூத்திரம். அதை இங்கே கொண்டுவந்தால் தலைகீழாகப் போகும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்றிலும் 'ஆர்' இருக்கிறது. நமக்கோ அதுதான் வடகிழக்குப் பருவமழை. ஊரின் மொத்தச் சாக்கடையும் ஆற்றோடு கடலுக்கு வருகிற காலம். கழியில் உப்பு குறைந்து மட்டி செத்துப் போவதும் அப்போதுதான்.

பொங்கல் கழிந்து தண்ணீர் தெளிந்த பிறகு போவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். நடுவில் கோடை மழை கொட்டினால் குறைந்தது ஒரு வாரம் பொறுப்போம்.

நாளைப் பொறுத்தவரை அமாவாசை, பவுர்ணமியை ஒட்டி. சென்னையில் ஏற்றத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த நாட்களிலேயே ஒரு மீட்டர் அளவுதான். மற்ற நாட்களில் அதில் பாதிகூட இருக்காது, சிப்பி இருக்கும் அடுக்கு வெளியே தெரியாது.

எப்படி எடுப்பது?

எனக்குக் கற்றுக்கொடுத்தது கோவளம் குப்பத்து அக்கா ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் நாள் நான் கையுறை இல்லாமல் போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாறைக்குப் பத்தடி தள்ளி நின்று அலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி ஆகியிருக்கும். "என்னக்கா பாக்கறீங்க?" என்றேன். "பெருசு எத்தனைக்கு ஒரு தபா வருதுன்னு எண்ணிக்கினு இருக்கேன். நீயும் எண்ணு" என்றார். அப்புறம்தான் இறங்கினோம். பாறையில் எப்போதும் கடலுக்கு முகம் காட்டியே நின்றார், ஒரு தடவைகூட முதுகைத் திருப்பவில்லை. கையில் ஒரு முழ நீளத்துக்கு நுனி தட்டையான இரும்பு. கொத்தின் அடியில் நுழைத்து நெம்ப, நார் 'பர்ர்' என்று கிழிந்து நாலைந்து சிப்பி ஒன்றாகக் கையோடு வந்தது. சின்னதையெல்லாம் பிரித்து, திரும்ப அதே பிளவில் வைத்து விரலால் அழுத்தினார். நான் வெறுங்கையால் இழுத்தேன். பக்கத்திலிருந்த ஆளியின் ஓரம் உள்ளங்கையை நீளவாக்கில் கீறியது. வலியே தெரியவில்லை, தண்ணீரில் சிவப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவச் சொல்லி மேலே அனுப்பினார். சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு இப்படிப்பட்ட கடல்நீர்க் காயம் சட்டென்று விஷமாகிவிடும், வீங்கிச் சிவந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தடித்த கையுறை, வார் இறுகிய ரப்பர் செருப்பு, கூட ஓர் ஆள். இவை மூன்றும் இல்லாமல் பாறையில் இறங்காதீர்கள். காற்றே இல்லாத நாளில்கூடத் தொலைதூரப் புயலின் அலை திடீரென்று ஏறும், அதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கடல் நிலவரத்தைக் கணிக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் எச்சரிக்கை விடுகிறது, செய்தியிலும் வரும். அன்று போகாதீர்கள். அணுமின் நிலையம், துறைமுகம் போன்ற தடை செய்யப்பட்ட பகுதிகளின் கற்களில் ஏறவே கூடாது.

எவ்வளவு எடுக்கலாம்?

ஒரு வேளைக் குழம்புக்கு. விரல் நீளத்துக்குக் குறைந்ததைத் தொட வேண்டாம், ஒரே இடத்தை மொட்டையாக்க வேண்டாம். உங்களுக்கு இது ஒருநாள் ஆசை, குப்பத்துப் பெண்களுக்கும் கழியில் பல்லில் பறிக் கூடையைக் கவ்விக்கொண்டு கையால் இறால் தடவும் இருளர்களுக்கும் அது அன்றாடக் கூலி. அவர்கள் எடுக்கிற இடத்தில் கேட்காமல் கை வைக்கக் கூடாது.

எவற்றைத் தொடவே கூடாது?

அழகான கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடந்தால் எடுக்காதீர்கள். ஊசி மாதிரி ஒன்றை நீட்டிக் கொட்டும், சில வகையின் கொட்டு உயிருக்கே ஆபத்து. கடல் அட்டை முழுவதும், சங்கு வகைகளில் சிலவும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தடை செய்யப்பட்டவை. பெயர் தெரியாத எதையும் சட்டியில் போடாதீர்கள்.

வாங்குவதாக இருந்தால்?

உண்மையில் பலருக்கும் அதுதான் நல்லது. பழவேற்காட்டிலும் கோவளத்திலும் கிடைக்கும் நாளில் மட்டி கிடைக்கும், காசிமேட்டில் அதிகாலையில் தேடினால் சில நாள் சிப்பி வரும். வாங்கும்போது "எங்கே எடுத்தது?" என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் நகர்ந்துவிடுங்கள். ஓடு மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால் விரலால் தட்டுங்கள், மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது. மூடாதது செத்தது, தூரப் போடுங்கள். பாலித்தீன் பையில் கட்டித் தண்ணீரில் மூழ்கடித்து எடுத்து வராதீர்கள், மூச்சு முட்டிச் சாகும். ஈரச் சாக்கு போதும்.

மண் நறநறக்காமல் இருக்க?

மட்டிக்குத்தான் இந்தத் தொல்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் கல்லுப்பு, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. அகலமான பாத்திரத்தில் மட்டியைப் பரப்பி இந்தத் தண்ணீர் ஊற்றி, இருட்டான இடத்தில் நாலைந்து மணி நேரம் விடுங்கள், நடுவில் ஒருமுறை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் வாயை இறுக மூடிக்கொண்டு மண்ணோடு செத்துப் போகும். இது மண்ணுக்கான வழி மட்டும்தான், முன்னால் சொன்ன நஞ்சும் உலோகமும் இதனால் போகாது.

எப்படிச் சமைப்பீர்கள்?

ஓட்டைத் தேய்த்துக் கழுவுவது முதல் வேலை. தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பேன். சிப்பியானால் நாரைக் கூர்முனைப் பக்கமாக இழுத்துப் பிய்க்க வேண்டும்.

அடி கனமான சட்டியில் கால் டம்ளர் தண்ணீர், ஒரு சிட்டிகை மஞ்சள், நசுக்கிய இஞ்சி. கொதித்ததும் சிப்பியைப் போட்டு மூடுங்கள். நாலைந்து நிமிஷத்தில் வாய் பிளக்கும். பிளந்த பிறகும் இன்னும் ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். வெந்தும் திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். ஒரு கிலோ மட்டியில் நூறு கிராம் சதை தேறினாலே பெரிது, சிப்பி அதைவிடத் தாராளம். சட்டியில் தங்கிய சாற்றை மெல்லிய துணியில் வடிகட்டி வையுங்கள், குழம்பின் ருசியே அதில்தான்.

எங்கள் வீட்டு மட்டித் தொக்கு: நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, கறிவேப்பிலை. இரண்டு கைப்பிடி சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கிப் பொன்னிறம் தாண்டி வதக்க வேண்டும். பூண்டு தட்டிப் போட்டு, இரண்டு தக்காளி கரைந்த பிறகு மிளகாய்த்தூள், மல்லித்தூள். வடிகட்டிய சாறு கொஞ்சம் ஊற்றி எண்ணெய் பிரியும்போது சதையைப் போட்டு மூன்று நிமிஷம் மட்டும் பிரட்டுங்கள். கடைசியில் புதிதாக இடித்த மிளகு. உப்பைக் கடைசியில் பாருங்கள், சாற்றிலேயே உப்பு உண்டு. வெந்த சதையை அடுப்பில் வெகுநேரம் விட்டால் ரப்பராகிவிடும்.

சிப்பிக்கு எனக்குப் பிடித்தது குழம்பு. தேங்காயும் சீரகமும் நைசாக அரைத்து, நெல்லிக்காயளவு புளி கரைத்து, முருங்கைக்காய் இரண்டு துண்டு போட்டு. மாங்காய் கிடைக்கிற சித்திரையில் புளியைக் குறைத்து மாங்காய் போட்டுப் பாருங்கள். சூடான சோற்றுக்கு வேறு தொட்டுக்கை கேட்காது.

ஆளியைத் தணலில் வைத்துச் சுடுவார்கள். ஓரம் சீறி நுரைத்து வாய் விடும்போது கத்தியால் நெம்பி, நன்றாக வேகும் வரை மறுபடி தணலிலேயே வைத்துத் தின்பது.

ஆளியைப் பச்சையாக எலுமிச்சை பிழிந்து சாப்பிடுகிறார்களே?

பரிசோதித்த தண்ணீரில் வளர்த்து, சுத்திகரித்து விற்கிற ஆளியை அப்படித் தின்பவர்கள் தின்னட்டும். நம் கரையில் எடுத்ததைப் பச்சையாகத் தொடாதீர்கள். எலுமிச்சைச் சாறு கிருமியைக் கொல்லாது.

யார் சாப்பிடக் கூடாது?

இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு இதுவும் ஒவ்வாமல் போகலாம். கல்லீரல் நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சின்னக் குழந்தைகளைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன்.

ஓட்டை என்ன செய்வது?

குப்பையில் போடாதீர்கள். பொடித்துக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாம், வீட்டில் கோழி இருந்தால் அதற்கும் வைக்கலாம். ஒரு காலத்தில் இந்த ஊரின் சுவரே கிளிஞ்சல் சுண்ணாம்புதான். சிப்பி ஓட்டைச் சூளையில் சுட்டு, நீர்த்து, அரைத்துப் பூசி, பளிங்கு போல மினுங்கத் தேய்ப்பார்கள். மதராஸ் சுண்ணாம்பு என்று வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாம் வியந்த பூச்சு அது. திருவொற்றியூரில் என் பாட்டி வீட்டு நடைச்சுவர் அப்படித்தான் இருந்தது. மே மாதத்திலும் கன்னத்தை வைத்தால் ஜில்லென்றிருக்கும்.